ஒரு வீட்டுக்கு மட்டும் இருட்டு

காலை பதினொன்று பத்து.

கரமனை ஸ்டேஷனில் போன் அலறியது. எஸ்.ஐ. மீரா எடுத்தாள்.

"மேடம்... என் பேரு நெல்லையப்பன். நாலு நாளா கோயம்புத்தூர்ல இருந்தேன். இப்பதான் தம்பானூர்ல ரயில் இறங்குனேன். வீட்ல எங்க அத்தை பகவதியம்மா தனியா இருக்கா. பத்து தடவை அடிச்சிட்டேன், போனை எடுக்கல்ல."

"தூங்குவாங்களா இருக்கும்."

"ஆக்ஸிஜன் மிஷின்ல இருக்கற ஆளு மேடம். கரண்ட் போனா மிஷின் நின்னுரும். மாடியில சோலார் உண்டு... லைன் போனா அதுவும் கூடவே நின்னுரும். சீக்கிரம் வாங்க."

குரல் உடைந்தது. மீரா ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

ஆற்றங்கரைத் தெரு. ஜீப் நின்றபோது நெல்லையப்பன் கேட்டருகே அழுதுகொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ஸ்வப்னா எட்டிப் பார்த்தாள். அவள் சமையலறையில் மிக்ஸி இரைந்தது.

"சேச்சி, இங்க கரண்ட் போச்சா?"

"இல்லல்லோ... காலையில இருந்து இருக்கே."

மீரா வெளிச்சுவர் மீட்டர் பெட்டியைத் திறந்தாள்.

ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம்... காலி. யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடினாள்.

கான்ஸ்டபிள் சுதீஷ் காலிங்பெல்லை நோக்கி விரலை நீட்டினார்.

"அது அடிக்காது சார்... கதவை உடைங்க" என்றான் நெல்லையப்பன்.

சுதீஷின் விரல் அதற்குள் அழுத்தியிருந்தது.

டிங்... டாங்...

நெல்லையப்பனின் அழுகை சட்டென்று நின்றது.

கதவு திறந்தது. மூக்கில் குழாய், கையில் பாதி நறுக்கிய பீன்ஸ். பகவதியம்மாள்.

"லே மக்கா, எப்ப வந்த? எதுக்குலே போலீஸு?"

"கரண்டு... எப்படி..."

"பேட்டரில ஓடுதுலே. முந்தாநாள்தான் மாட்டுனாங்க. இனி லைன் போனாலும் நம்ம வீடு ஓடும் கேட்டியா."

"அம்மா, உங்க போன்ல மிஸ்டு கால் இருக்கா?" என்றாள் மீரா.

"ஒண்ணும் இல்ல மோளே. பத்தேகாலுக்கு லைன் போச்சுன்னு பேட்டரி ஆப்ல மெசேஜ் வந்தது. அவ்வளவுதான்."

மீரா திரும்பினாள்.

"பெல் அடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நெல்லையப்பனின் கை பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. சுதீஷின் கை முந்திக்கொண்டது.

வெளியே வந்தது... வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ்.

பகவதியம்மாள் அதையே பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டணும்னான். நான் இருக்கற வரைக்கும் நடக்காதுன்னேன்."

"அதான் அவசரப்பட்டுட்டான்" என்றார் சுதீஷ்.

"பேட்டரி மாட்டணும்னு எப்படித் தோணுச்சும்மா?" என்று கேட்டாள் மீரா.

"இவனாலதான்."

நெல்லையப்பன் நிமிர்ந்தான்.

"மிஷின் நின்னா அத்தை எத்தனை நேரம் தாங்குவான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கான். டாக்டர் எனக்கு போன் பண்ணி, 'உங்க மருமகனுக்கு என்ன அக்கறை, ஒரு பேட்டரி வச்சிடுங்க'ன்னாரு. எனக்கு அழுகையே வந்துட்டு மோளே. மறுநாளே ஆர்டர் குடுத்தேன்."

அவள் குரல் இறங்கியது.

நெல்லையப்பன் ஜீப்பில் ஏற்றப்பட்டான். மீராவும் கிளம்பினாள்.

"இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

"துக்க வீடுன்னு நெனச்சுல்லம்மா வந்தோம்... இங்க காப்பியா?"

பகவதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"துக்க வீட்ல அடுப்புதான் பத்த வைக்கக் கூடாது. இது இண்டக்ஷன். உக்காரு."