மீன் பையில் பட்டாம்பூச்சி

செதிலின் அப்பாவுக்கு மீன் விற்கத் தெரியும், மீன் வெட்டத் தெரியும், எந்த மீனை எப்படிச் சமைத்தால் ருசி என்று மூச்சு விடாமல் பேசவும் தெரியும். ஆட்களின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள மட்டும் தெரியாது.

அதனால் மார்க்கெட்டில் அவருடைய கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே ஒரு பெயர் வைத்துவிடுவார். மீனைக் கரியில் சுட்டுச் சாப்பிடுகிறவர் ‘சுட்டமீன் சார்’. மொறுமொறுவென்று பொரித்த வால் துண்டுக்கு உயிரை விடுகிறவர் ‘வால்துண்டு அக்கா’. சூப் வைக்க மீன் தலை மட்டும் கேட்கிறவர் ‘தலை தாத்தா’.

பெற்ற மகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் அவள் கன்னத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதோடே பள்ளிக்கூடம் போனாள், அதோடே திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் ‘செதில்’. இப்போது பத்து வயதாகிறது. இன்றைக்கும் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள்.

விடுமுறை நாட்களில் கடையில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. அப்பா வெட்டித் தருகிற மீனைக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போடுவது. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. முள் குறைந்த மீன் என்றால் ஒரு முடிச்சு. முள் நிறைந்த மீன் என்றால் இரண்டு முடிச்சு. பையைத் திறந்து பார்க்காமலே எது யாருக்கு என்று தெரிந்துவிடும்.

அப்படி ஒரு விடுமுறை நாள் காலையில் செதிலின் கை சும்மா இருக்கவில்லை. முந்தின நாள்தான் பள்ளித் தோழி ஒருத்தி ரிப்பனில் பட்டாம்பூச்சி முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்திருந்தாள். இரண்டு பக்கமும் இறக்கை விரித்து நிற்கும் முடிச்சு. ரிப்பனில் நிற்பது பையில் நிற்காதா என்ன?

நின்றது.

“அட, மீனுக்குப் பூ வச்ச மாதிரி இருக்கே!” என்றார் வால்துண்டு அக்கா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாப் பைகளிலும் பட்டாம்பூச்சி.

பதினொரு மணிக்கு இரண்டு பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். ஒருவர் முள்ளு மாமா. கடைக்குப் பின்தெருவில் குடியிருப்பவர். அவருக்குக் கெண்டை மீனைத் தவிர வேறெதுவும் மீனே இல்லை. அதில் ஊசி ஊசியாக முள் இருக்கும். அவருக்கு அதுதான் வேண்டும். பொரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, இரண்டு மணி நேரம் சாப்பிடுவார்.

இன்னொருவர் ஆவி அக்கா. மீனை ஆவியில் வேக வைக்க அப்பாவிடம் கற்றுக்கொண்டதால் அந்தப் பெயர். கடைக்கு வர ஆரம்பித்து நாலு வாரம்தான் ஆகிறது.

“அண்ணே, இன்னைக்குத்தான் என் பொண்ணு முதல் தடவையா மீன் சாப்பிடப் போறா. ஒன்றரை வயசு. முள்ளே இருக்கக் கூடாது” என்றார்.

“அப்படின்னா விரால்தான். நடு முள்ளை எடுத்துட்டா பஞ்சு மாதிரி இருக்கும்” என்றார் அப்பா. “எலுமிச்சைச் சாறு, துளி இஞ்சி, துளி உப்பு போட்டுப் பத்து நிமிஷம் ஊறணும். ஆவியில பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் கால் மணி நேரம் ஆறட்டும். உதட்டுல வச்சுப் பாருங்க. சுடலைன்னா ஊட்டுங்க.”

அக்கா அத்தனையையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். “பன்னிரண்டா, பதிமூணாண்ணே?”

“பன்னிரண்டு.”

“சரி, பன்னிரண்டு.”

அப்பா இரண்டு மீன்களையும் தோலை உரித்து, துண்டு போட்டு, அடுத்தடுத்து மகளிடம் தள்ளினார். தோல் போன பிறகு கெண்டையும் வெள்ளை, விராலும் வெள்ளை. செதில் பையில் போட்டாள். இழுத்தாள், மடித்தாள், முடிந்தாள். இரண்டு பட்டாம்பூச்சிகள் அருகருகே உட்கார்ந்தன.

எது எது? ஒரு நொடி அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்டிருக்கலாம். ஆனால் முள்ளு மாமா, “முடிச்சு பிரமாதம்மா!” என்று சொல்லிவிட்டார். பாராட்டு காதில் விழுந்தால் சந்தேகம் எங்கே நிற்கும்? வலது பையை மாமாவிடம் கொடுத்தாள். இடது பையை அக்காவிடம் கொடுத்தாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு முள்ளு மாமா திரும்பி வந்தார். கையில் பை. முகத்தில் கோபம்.

“என்னப்பா கடை நடத்தறே? இதுல முள்ளே இல்ல!”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மீன் கெட்டுப்போச்சு என்று சண்டை பார்த்திருக்கிறார்கள், எடை குறைவு என்று சண்டை பார்த்திருக்கிறார்கள். முள் இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை.

“அஞ்சு நிமிஷத்துல தின்னு முடிச்சிட்டு மீதி மத்தியானத்துக்கு நான் என்ன பண்றது?” என்றார் மாமா.

அப்பா சிரித்துக்கொண்டே பைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“இது விரால்” என்றார் மெதுவாக.

விரால் இங்கே இருக்கிறது என்றால் கெண்டை எங்கே? ஆவி அக்கா வீட்டில். ஊசி முள். ஒன்றரை வயதுக் குழந்தை.

“அப்பா... நான்தான். ரெண்டுலயும் ஒரே முடிச்சு போட்டுட்டேன்.”

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவர், பதறிப்போய்த் தெருவின் இரண்டு பக்கமும் தேடியதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“நம்பர் இருக்கா?” என்று கேட்டார் மாமா.

“பேரே தெரியாது. வீடும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போன மாதிரி இருந்துச்சு.” அப்பா மிதிவண்டியை எடுத்தார். கையைக்கூடக் கழுவவில்லை. மணியடித்துக்கொண்டே பறந்தார்.

செதில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா வீட்டுக்குப் போகக் கால் மணி நேரம் ஆகியிருந்தால் பதினொன்றே கால். ஊறப் பத்து நிமிஷம். வேகப் பன்னிரண்டு. ஆறக் கால் மணி. விரல் விட்டு எண்ணினாள். அப்பா சொன்னதில் ஒரு நிமிஷம்கூட மாற்றுகிற ஆளில்லை அந்த அக்கா. பன்னிரண்டு மணிக்குள் குழந்தை வாயில் வைத்துவிடுவார்.

அழுகை வந்தது. ‘அப்புறம் அழலாம்’ என்று விழுங்கிக்கொண்டாள். அக்காவைப் பற்றி வேறு என்ன தெரியும்? கண்ணை மூடி யோசித்தாள். பையை நீட்டிய கை. அந்தக் கையின் சட்டை ஓரத்தில்...

“மாமா! அந்த அக்கா சட்டையில எப்பவும் நூல் ஒட்டியிருக்கும்!”

“தையல் வேலையா இருக்கும். ஊருல அம்பது தையல் கடை இருக்கேம்மா.”

“எல்லாமே வெள்ளை நூல் மாமா. ஒரு நாள்கூட கலர் நூலைப் பார்த்ததில்ல.”

முள்ளு மாமாவின் புருவம் மேலே போனது. “வெள்ளை மட்டும்னா... டாக்டர் கோட்டு! ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு. கோட்டு மட்டும்தான் தைப்பாங்க.”

“அப்பாவுக்குச் சொல்லிடலாம்” என்று மாமா கைப்பேசியில் எண்ணைத் தட்டினார். ஐஸ் பெட்டியின் மேல் அப்பாவின் கைப்பேசி கூப்பாடு போட்டது.

“சரிதான். நீ ஓடு. கடையை நான் பாத்துக்கறேன். பார்த்து ரோட்டைத் தாண்டு!”

விரால் பையை எடுத்துக்கொண்டு செதில் ஓடினாள். மார்க்கெட்டின் பின்வாசல், பாத்திரக்கடைச் சந்து, ஆஸ்பத்திரி மதில். செருப்பு ஒன்று கழன்றது. நின்று, மாட்டிக்கொண்டு, மறுபடி ஓடினாள்.

கடைக்குள் ஒரு டெய்லர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க... ஆவி அக்கா... இருக்காங்களா?”

டெய்லரின் ஊசி கீழே விழுந்தது. “ஆவியா? பட்டப்பகல்லயா?”

“ஐயோ, அந்த ஆவி இல்லண்ணே! மீன் வேக வைப்பாங்களே, ஒன்றரை வயசுப் பாப்பா இருக்கே!”

“ஓ, காலர் தைக்கிறவங்களா! இதே கட்டடம்தான். மூணாவது மாடி. பாப்பாவுக்கு ஊட்டணும்னு இன்னைக்கு லீவு. லிஃப்டு...”

‘வேலை செய்யாது’ என்று அவர் முடிப்பதற்குள் செதில் முதல் மாடியைத் தாண்டிவிட்டாள்.

மூன்றாவது மாடியில் நான்கு கதவுகள். நான்கும் மூடியிருந்தன. எதைத் தட்டுவது? மூச்சு வாங்கியபடி சுற்றிப் பார்த்தாள். கடைசிக் கதவுக்கு எதிரில் ஒரு சாம்பல் நிறப் பூனை, வாலைச் சுருட்டிக்கொண்டு, பந்திக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மீன்காரர் மகளுக்கு இதற்கு மேல் முகவரி வேண்டுமா? அந்தக் கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு திறந்தது. ஆவி அக்கா நின்றார். இடுப்பில் குழந்தை. கையில் கரண்டி.

“ஊட்டிட்டீங்களா அக்கா?”

“நீ மீன் கடைப் பொண்ணுதானே? இன்னும் இல்லம்மா. இப்பதான் உதட்டுல வச்சுப் பார்த்தேன். லேசா சுட்டுச்சு. உங்கப்பா சுடக் கூடாதுன்னாரே, அதான் ஊதிட்டு இருந்தேன்.”

செதில் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த அழுகை, கேட்காமலே வந்துவிட்டது. அதைப் பார்த்துக் குழந்தைக்கு ஒரே சிரிப்பு.

“என்னாச்சும்மா?”

“அது விரால் இல்லக்கா. கெண்டை. முள்ளு மீன். நான்தான் பையை மாத்திட்டேன்.”

அக்கா கரண்டியைப் பார்த்தார். செதில் கையைக் கழுவிவிட்டு வந்து, கரண்டியில் இருந்த மீனை விரலால் நசுக்கிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஒரு வாய் மீனில் ஏழு முட்கள். தலைமுடி மாதிரி மெல்லியவை. தட்டின் ஓரத்தில் அவற்றை அடுக்கி வைத்தாள்.

அக்கா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு நீளமாக மூச்சு விட்டார்.

“நான் நல்லாப் பிசைஞ்சுதான் வச்சிருந்தேன். என் கண்ணுக்கு ஒண்ணுகூடத் தெரியலையே.”

“மன்னிச்சிடுங்கக்கா. அழகா இருக்கும்னு பட்டாம்பூச்சி முடிச்சு போட்டேன்.”

“அழகாத்தான் இருந்துச்சு” என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “ஓடி வந்தியே, அது போதும். உட்காரு, தண்ணி குடி.”

விரால் பத்து நிமிஷம் ஊறியது. பன்னிரண்டு நிமிஷம் வெந்தது. பதிமூன்று ஆக அக்கா விடவில்லை. ஆறிய பிறகு செதில் ஒவ்வொரு துண்டாக நசுக்கிப் பார்த்தாள். அக்கா இன்னொரு முறை நசுக்கிப் பார்த்தார். மீன் கிட்டத்தட்ட மாவாகிவிட்டது.

முதல் வாயைக் குழந்தை துப்பியது. இரண்டாவது வாயை யோசித்துத் துப்பியது. மூன்றாவது வாயை விழுங்கிவிட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டது. துப்பியதெல்லாம் வெளியே காத்திருந்த விருந்தாளிக்குப் போனது.

செதிலும் அக்காவும் குழந்தையும் மார்க்கெட்டுக்கு வந்தபோது, அப்பா அப்போதுதான் மிதிவண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை வியர்வை. பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரிடமும் “ஆவி அக்காவைப் பார்த்தீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பாதிப் பேர் பஸ் வருமுன்பே கிளம்பிவிட்டார்களாம்.

குழந்தையைப் பார்த்ததும் மிதிவண்டியை நிறுத்தக்கூட மறந்து கையை விட்டார். அது தடாலென்று விழுந்தது. குழந்தை கை தட்டியது.

“அப்பாடா” என்றார் அப்பா. மகளின் தலையில் கை வைத்தார். கை முழுக்க மீன் வாசனை. செதில் நகரவில்லை.

கடையில் வேறொரு கூத்து நடந்திருந்தது. முள்ளு மாமா வந்தவர்களிடமெல்லாம் கெண்டையைப் பற்றிப் பேசிப் பேசியே அத்தனை கெண்டையையும் விற்றுவிட்டார். தனக்கு ஒன்று எடுத்து வைக்க மட்டும் மறந்துவிட்டார்.

“இப்ப நான் எதைச் சாப்பிடறது?” என்றார் பரிதாபமாக.

அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். ஆவியில் வெந்த கெண்டை.

“பொரிக்காத மீனா?” மாமா முகம் சுளித்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு முள்ளை எடுத்து டப்பா மூடியில் வைத்தார். அப்புறம் இன்னொன்று. “உப்புதான் துளி கம்மி” என்றார். மூன்று மணி வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அப்பா முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் பெயர், எண், வீடு மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் இரண்டு பேரும் மறுபடி ஒன்றாக வந்து நின்றார்கள். செதில் விரால் பைக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். கெண்டைப் பைக்கு இரண்டு முடிச்சு. பட்டாம்பூச்சி அவள் தலைமுடி ரிப்பனில் உட்கார்ந்திருந்தது.

முள்ளு மாமா பையை அங்கேயே பிரித்து மூக்கை உள்ளே விட்டார்.

“முள்ளு இருக்கா?”

“நிறைய இருக்கு மாமா.”

“அப்பாடா!” என்றார் முள்ளு மாமா.