சோறு வேகாத வீடு

அன்றைக்குச் சோறு வேகவில்லை.

உலை தளதளவென்று கொதித்தது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து, கருகிய வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. பாரதிப்ரியா திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். கரண்டியில் எடுத்து நசுக்கினால் ஒவ்வொரு பருக்கையும் நடுவில் கெட்டியாகவே நின்றது. நேற்று இதே மூட்டை அரிசிதான் பூவாக வெந்தது.

"அரிசிய மாத்தி வாங்கிட்டியா புள்ள?" என்றாள் மாமியார் கனகம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"அதே அரிசிதான் அத்த."

"அப்ப உன் நெனப்பு இங்க இல்ல. நான் போயி அமாவாசை காரியத்துக்குச் சொல்லிட்டு வரேன். வைக்கோல்ல உருவம் கட்டிக் கொளுத்திட்டு, கடல்ல முழுகிட்டு வந்துருவோம். எம்புள்ளதான். எனக்கு மட்டும் வயிறு எரியலியா?"

பிரியா அடுப்பை அணைத்தாள். பேசினால் சண்டைதான் வரும். போன ஆடியில் சென்னை ஆபீஸ் நண்பர்களோடு இமயமலை ஏறப் போன அவள் புருஷன் முகிலன், மழையில் சரிந்த பனியோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. வைக்கோல் உருவம் எரிந்துவிட்டால் அவன் செத்தவன், இவள் தாலி இல்லாதவள். அதற்குள் போய் அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அந்த மலைக்கு யாரும் போகமாட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் மழையில்தானே பனி கரையும், கரைந்தால்தானே உள்ளே கிடப்பது தெரியும்? மேடு என்றால் மணல்மேடு மட்டுமே பார்த்து வளர்ந்தவள், முதுகுப் பையில் மணலை நிரப்பிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினாள். பட்டினச்சேரியே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

கனகத்தின் கண் கொல்லைப் பக்கம் போயிற்று. "அந்தக் கயித்த இன்னும் அறுக்கலியா நீ?"

கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், அவன் படகுக் கயிற்றின் ஒரு முனையை வீட்டு நிலைக்காலில் கட்டி, மறுமுனையைக் கடலைப் பார்க்க விட்டுவைப்பது அவர்கள் தெருவில் உள்ள வழக்கம். கரை தெரியாமல் அலைகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவானாம். முகிலனுக்கு அதைக் கட்டவில்லை. மலைக்குப் போனவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நேற்று, அவனோடு மலைக்குப் போய்த் தப்பித் திரும்பிய ஆபீஸ் நண்பன் சிவக்குமார் போன் செய்து, மலைப்பாதையை மூடிவிட்டார்கள், இந்த ஆடியில் வழியே இல்லை என்று சொன்னான். போனை வைத்த கையோடு பிரியா பரணில் இருந்த நீலக் கயிற்றை இறக்கினாள். வாசலில் கட்டவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, கொல்லைக் கதவு நிலையில் கட்டி, மறுமுனையைத் தென்னைமரத்தடியில் போட்டாள்.

"கடலு வாங்குனதத் திருப்பிக் குடுத்துரும் புள்ள. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குத் தள்ளிவுட்டுரும். அதனாலதான் கயிறு போடுறோம். மலை அப்புடியா? அது புடிச்சா வுடாது. வுடாததுகிட்ட கயித்தக் குடுத்தா அது என்ன செய்யும்?"

கனகம் போய்விட்டாள். பிரியா அரிவாள்மணையைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

சாப்பாடு இல்லாவிட்டால் என்ன, பையைக் கட்டலாம் என்று அறைக்குப் போனாள். என்றைக்காவது பாதையைத் திறக்காமலா போவார்கள்? வெளியே ஆடிக்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, ஓடு கொதித்தது, ஆனால் அறையின் சிமெண்டுத் தரை உள்ளங்காலில் ஐஸாகச் சுட்டது. பையைத் திறந்தாள். வழிக்கு என்று வாங்கிவைத்த பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டாள். பட்டென்று வெடித்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேலே முகாமிலிருந்து முகிலன் கடைசியாகப் பேசியபோது சிரித்துக்கொண்டே சொன்னான். "இங்க சோறு வேகாது பிரியா. தண்ணி பாட்டுக்குக் கொதிக்கும், அரிசி அப்புடியே கெடக்கும். பாக்கெட்டெல்லாம் உப்பிப்போயி நிக்கிது, பாத்தா சிரிப்பா வருது."

சிவக்குமாரைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, மேல போகப் போக வேற என்ன ஆகும்?"

"மூச்சு வாங்கும், காது அடைக்கும். ஏன் அண்ணி? அதான் போக முடியாதுன்னு சொன்னேன்ல." சற்று நிறுத்தினான். "அண்ணி, நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

"இல்ல... அந்தக் காத்து சத்தம். அது எனக்குத் தெரியும் அண்ணி. அன்னைக்கு அங்க கேட்ட சத்தம். அண்ணி, நீங்க எங்க..."

போன் அறுந்தது. சிக்னல் இல்லை.

காது அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கினாள், விடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கேட்ட அலைச்சத்தம் இப்போது இல்லை. காக்கை இல்லை. பக்கத்து வீட்டு டிவி இல்லை. கொல்லைப் பக்கம் மட்டும் ஏதோ முறுகும் சத்தம், பாய்மரம் காற்றில் திணறுவதுபோல, விட்டு விட்டு வந்தது.

கயிறு.

தளர்வாகக் கிடந்த கயிறு விறைத்து நின்றது. சாத்திய கதவின் இடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. தொட்டாள். ஈரம். நாருக்கு நார் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விரல் மரத்தது.

பயந்துதான் போனாள். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம், பொங்கிக்கொண்டு வந்தது. அவன் பிடித்துவிட்டான். வருகிறான். எந்த வைக்கோலையும் யாரும் கொளுத்த வேண்டாம்.

"முகிலா!"

கயிறு ஒரு வெட்டு வெட்டித் தளர்ந்தது. நிலைக்கால் விரிசல் விட்டது. காரை உதிர்ந்தது. முடிச்சு நழுவுகிறது. போய்விடுவான். இந்தத் தடவையும் போய்விடுவான்.

யோசிக்கவில்லை. முடிச்சுக்கு முன்னால் கயிற்றை இழுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, படகுக்காரர்கள் போடும் முடிச்சாக, அவிழாத முடிச்சாகப் போட்டுக்கொண்டாள்.

"புள்ள! ஏ புள்ள!"

கனகத்தின் குரல். வாசலில் இருந்து வரவில்லை. கீழே இருந்து வந்தது. வெகு கீழே இருந்து.

பிரியா திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த தெருக்கதவுக்கு அப்பால் தெரு இல்லை. மேகம் வாசற்படியை உரசிக்கொண்டு போயிற்று. அது விலகிய இடத்தில், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, பட்டினச்சேரி கிடந்தது. பொடிப்பொடியாகப் படகுகள். மணலில் ஒரு புள்ளி கையை ஆட்டி ஆட்டிக் கத்தியது.

மூச்சு இல்லை. வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை.

நிலைக்கால் பிய்ந்தது. கொல்லைக் கதவு படாரென்று திறந்தது.

வெள்ளை. சரிவு. மழை.

முழங்கால் பனியில் முகிலன் நின்றான். மலைக்குப் போனபோது போட்டிருந்த அதே சிவப்புச் சட்டை. முகம் நீலம். கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தான்.

"வந்துட்டேன்" என்றாள். குரல் எழும்பவில்லை.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம்.

அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தாள். அவை கயிற்றை இழுக்கவில்லை. அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. உள்ளங்கை கிழிந்து எலும்பு தெரியத் தெரிய, கயிற்றை நிறுத்தப் பார்த்தன.

கயிறு அவனோடு முடியவில்லை. அவன் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே, பனிமூட்டத்துக்குள் போயிற்று.

அங்கிருந்து யாரோ, கடலில் போட்ட வலையை வாங்குவதுபோல நிதானமாக, இன்னொரு பிடி இழுத்தார்கள்.