நீலம் படாத இடம்

“யாரைக் கேட்டு அதை எடுத்தே?”

“ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுக்க யாரைக் கேக்கணும்? மனு எழுதிப் போடணுமா?”

“அது பாட்டுக்கு ஒரு ஓரமா...”

“ஓரமா இல்லீங்க. ஃப்ளஷ் டேங்க்குல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அதனாலதான் அமுக்கினா தண்ணி வர மாட்டேங்குது.”

“எனக்கு வருதே!”

“உங்களுக்கு வரும். உங்களுக்கு ஏன் வராது?”

அவன் பார்வை பாட்டிலுக்குப் போனது. கழிவறை வாசலில், இருவருக்கும் நடுவில், அந்த இரண்டு லிட்டர் பாட்டில் ஈரம் சொட்டிக்கொண்டு நின்றது. கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்தது. ஒவ்வொரு முறையும் அவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்று மூத்தாள் தன் கையால் டேங்க்குக்குள் இறக்கி வைத்தது. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

“நான் வர்றதுக்குள்ள இருந்த இடத்துல வச்சிடு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

கல்யாணமாகி வந்த இந்த ஐந்து மாதத்தில் இளையவள் எத்தனையோ பொறுத்துக்கொண்டாள். மூத்தாள் தைத்த திரைச்சீலை. மூத்தாள் அடுக்கிய அலமாரி. கட்டிலில் மூத்தாள் காலத்தில் படுத்த அதே பக்கத்தில், இவளுக்கு முதுகைக் காட்டிப் படுக்கும் புருஷன். பொறுக்க முடியாதது அந்தச் சத்தம் ஒன்றுதான். இவள் கைப்பிடியை அமுக்கினால் தொண்டை கட்டினவன் முனகுவதுபோல ஒரு ‘களுக்’, பீங்கானின் ஒரு பக்கமாக வழியும் நாலு சொட்டு, அப்புறம் வாளியைத் தூக்கு. அவன் உள்ளே போனால் மட்டும், கூடத்தில் நிற்கும் இவள் காது கேட்க, மடை திறந்ததுபோல் தண்ணீர் இறங்கும்.

“எப்படிங்க உங்களுக்கு மட்டும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“மெதுவா அமுக்கிப் பிடிச்சு, அஞ்சு எண்ணிட்டு விடணும். அவ சொல்லிக் கொடுத்தா.”

இவள் ஐந்தும் எண்ணிப் பார்த்தாள், ஐம்பதும் எண்ணிப் பார்த்தாள். கை வலித்ததுதான் மிச்சம். அவன் எண்ணுவதைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒண்ணு, ரெண்டு என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் எண்ணினான். என்னிடம் என்றைக்காவது இந்தக் குரலில் பேசியிருக்கிறானா? ஐந்துக்குப் பிறகு உள்ளே ஒரு ‘ம்’ கேட்டது. அவனுடைய ‘ம்’தான் என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

இப்போது பாட்டிலைத் திருப்பி வைக்கவில்லை. மெழுகைக் கத்தியால் சுரண்டி, மூடியைத் திருகி, கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். மூன்று வருடம் அடைபட்டிருந்த தண்ணீரில் பாசியும் இல்லை, நாற்றமும் இல்லை. யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, முடியைக்கூடத் துவட்டாமல் பக்கத்தில் வந்து நின்றதுபோல ஒரு சோப்பு வாசனைதான் எழுந்தது. இதைத் தவிர வேறு சோப்பு ஒத்துக்காது என்று புருஷன் பிடிவாதம் பிடிக்கிற அதே சோப்பு.

பிளம்பர் வந்தபோது மணி பதினொன்று. நரைத்த மீசை, கையில் ஒரு கம்பி.

“பாட்டிலை எடுத்தாச்சுண்ணே. அப்பவும் அதே கதைதான்.”

“பாத்துருவோம்மா.”

ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் பீங்கானுக்குள் கொட்டினார். சுழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. “குழாய்ல அடைப்பு இல்ல.” விளிம்புக்கு அடியில் இருந்த துளைகளைக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். உப்புப் பொருக்கு உதிர்ந்தது. அமுக்கினார். களுக்.

பிறகு தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்க்கைக் காலி செய்து, மக்கால் மொண்டு ஊற்றினார். ஆறாவது மக்கில் தண்ணீர் டேங்க்கின் அளவுக் கோட்டைத் தொட்டுவிட்டது. கையை நிறுத்தினார்.

“இது பத்து மக்கு பிடிக்கணுமேம்மா.”

“வேற பாட்டில் இருக்கா?”

அவர் குனிந்து பார்த்தார். இவளும் பார்த்தாள். வால்வு, மிதவை, அடியில் வெள்ளைப் பீங்கான், தெளிந்த தண்ணீர். வேறு எதுவும் இல்லை. வெறும் கண்ணாடிபோல.

பிளம்பர் வால்வைத் திறந்துவிட்டு, கம்பியைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். “எதுக்கும் ஒழுகுதான்னு பாத்துக்குங்க. டேங்க்குல சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் சும்மா விடுங்க. கீழே நீலம் இறங்கினா வால்வு போச்சுன்னு அர்த்தம்.”

“நீங்களே இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

“இல்லம்மா. அன்னைக்கு இந்தக் கதவை உடைச்சதே நான்தான்.”

“என்னைக்கு?”

“மூத்தவங்க... உங்களுக்குச் சொல்லலையா?”

ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள் என்றுதான் புருஷன் சொல்லியிருந்தான்.

“டேங்க்குக்குக் கீழே, சுவருக்கும் பீங்கானுக்கும் நடுவுல, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவ்வளவு சின்ன இடத்துல ஒரு ஆள் எப்படி அடங்கினாங்கன்னு இன்னைக்கும் எனக்குப் புரியலம்மா.”

அவர் போனபின் புருஷன் வந்தான், பாட்டிலைப் பற்றிக் கேட்காமலே சாப்பிட்டான், மதியத் தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் போனான். இவளுக்குள் பயத்துக்கும் அடியில் வேறொன்று எரிந்தது. எனக்குச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்தானே! அவளுடைய சாவில்கூட எனக்குப் பங்கு இல்லையா?

நீலத்தை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனாள். டேங்க்கின் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். நாலு சொட்டு போதும். இவள் பாதி பாட்டிலைக் கவிழ்த்தாள்.

நீலம் புகைபோல இறங்கியது. மிதவையைச் சுற்றி வளைந்து, மூலைகளில் தங்கி, அடியில் போய்ப் படிந்து, மெல்ல மெல்லத் தண்ணீர் முழுவதும் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும் பரவவில்லை. அங்கே போய்த் தொட்டு, ஓரமாக விலகியது. இவள் கையை விட்டுக் கலக்கப் போனாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தத் தெளிந்த இடத்துக்கு விளிம்பு இருந்தது.

மடக்கிய இரண்டு முழங்கால். அவற்றைக் கட்டியிருந்த கைகள். அவற்றின்மேல் கவிழ்ந்த தலை. பின்னால் ஒரு கொண்டை. எல்லாம் ஒரு ஜாண் உயரம். எல்லாம் வெறும் தண்ணீர்.

ஓட வேண்டும். ஓடினால் இந்த வீடு யாருக்கு?

“எந்திரிச்சுப் போடி” என்றாள். “இது என் வீடு. அவர் என் புருஷன்.”

தலை நிமிர்ந்தது.

கைப்பிடியை அமுக்கினாள். பிடித்துக்கொண்டாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

“ம்.”

விட்டாள்.

தண்ணீர் இறங்கியது. இடிபோல. ஐந்து மாதத்தில் முதல்முறையாக, இவள் கைக்கு. நீலம் அத்தனையும் சுழித்துக்கொண்டு உள்ளே போக, பீங்கான் பளிச்சென்று வெளுத்தது. டேங்க் மறுபடி நிரம்பியது. தண்ணீர் வரும் வால்வை மூடினாள். மக்கை எடுத்து எண்ணிக்கொண்டே மொண்டு வெளியே ஊற்றினாள். எட்டு. ஒன்பது. பத்து. பத்தும் இருந்தது! இவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மூடியைப் போட்டாள். அவரை எழுப்பிச் சொல்ல வேண்டும்.

திரும்பினாள்.

தரையில் ஈரக்காலடி. இவள் பாதத்தைவிடச் சிறியது. நடுவில் தெளிந்த தண்ணீர், சுற்றிலும் மெல்லிய நீலக் கோடு. குதிகால் கழிவறைப் பக்கம். விரல்கள் கூடத்தைப் பார்த்து.

கூடத்தில் நாலு. சாப்பாட்டு மேசையருகே இரண்டு. படுக்கையறை வாசலில் ஒன்று.

கதவு பாதி திறந்திருந்தது. மூத்தாள் தைத்த திரைச்சீலை வழியாக மதிய வெயில் மங்கலாக விழுந்தது. சோப்பு வாசனை. புருஷன் வழக்கமான பக்கத்தில்தான் படுத்திருந்தான். ஆனால் முதுகைக் காட்டவில்லை. இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். இவள் படுக்கும் பக்கம்.

அங்கே போர்வை மேடிட்டிருந்தது. மடக்கிய முழங்கால் அளவுக்கு. தலையணையில் ஒரு குழி. குழியைச் சுற்றி நீலம் ஊறிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டி அந்தப் போர்வைமேல் போட்டான். இவள் கதவில் காதை வைத்துக் கேட்ட அதே குரலில் சொன்னான்.

“கால் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? சரி, கிட்ட வந்து படு.”