மூன்றாவது படி

புண்யராம் அன்று காலை வெறுங்கையுடன் மாடியிலிருந்து இறங்கினான். நெல் மூட்டையோடு மிதித்தால் மட்டும் முனகும் மூன்றாவது மரப்படி, வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

அந்த ஆண்டில் இறந்தவர்களுக்காகப் நேபாளத்தின் பக்தபூர்த் தெருக்களில் மூங்கில் கோபுரங்கள் ஊர்வலம் போகும் நாள். சந்து முனையில் அண்ணி அஷ்டமாயாவின் கோபுரம் நின்றது: அவளுடைய சிவப்புக்கரைக் கறுப்புச் சேலை, புகைப்படம், உச்சியில் ஒரு குடை. நால்வர் தூக்கினார்கள். முன்புற இடப்பக்கம் புண்யராமுக்கு.

கத்தாரிலிருந்த அண்ணனிடம் அவன் சொல்லியிருந்தான்: "காய்ச்சல்னே தெரியாதுண்ணா. தெரிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சிடுச்சு."

தெரியும். சந்துக்குள் வண்டி நுழையாது. ஆஸ்பத்திரிச் சாலைவரை முதுகில் தூக்கிச் செல்லும்படி அவள் மூன்று நாள் கேட்டாள். "நடவு முடியட்டும் அண்ணி" என்றான். நடவு முடிவதற்கு முந்தைய நாள் அவள் முடிந்துபோனாள்.

தத்தாத்ரேயர் கோயிலைத் தாண்டியதும் தோள் அழுந்தியது.

பின்னால் தூக்கி வந்த கேதார் சிரித்தான். "என்னடா, இப்படி வேர்க்குது? நேத்து சாராயம் ஜாஸ்தியா? இது பஞ்சு மாதிரி இருக்கு."

மூவருக்கும் பஞ்சு. அவனுக்கு மட்டும் ஓர் ஆள் எடை.

சேலையிலிருந்து ஓமம் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய் மணத்தது. காய்ச்சலுக்கு அவள் தேய்த்துக்கொண்டது அது. சேலையோ துவைத்து வெயிலில் உலர்த்தியது.

நாற்சந்தியில் ஊர்வலம் வலப்புறம் திரும்பியது. கோபுரம் இடப்புறம் சாய்ந்தது.

இடப்புறம் போனால் ஆஸ்பத்திரிச் சாலை.

"டேய், எங்கடா இழுக்குற?" என்றான் கேதார்.

புண்யராம் இழுக்கவில்லை. கோலாட்டச் சத்தத்துக்கிடையே சேலையருகே வாயை வைத்து முணுமுணுத்தான்: "அண்ணி, எறங்கிடுங்க. அண்ணன்கிட்ட இன்னைக்கே உண்மையைச் சொல்லிடறேன்."

பாரம் நீங்கியது.

மாலைக்குள் கோபுரத்தைப் பிரித்து ஹனுமந்தே ஆற்றில் விட்டார்கள். கரையில் நிற்கும்போதே அண்ணன் போனில் அழைத்தான்.

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சாடா?"

புண்யராம் ஆற்றைப் பார்த்தான். மூங்கில்கள் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டிருந்தன.

"நல்லபடியா நடந்துச்சுண்ணா" என்றான். அழைப்பைத் துண்டித்தான்.

வீட்டுக்கு வெறுங்கையுடன் திரும்பினான். முதல் படி. இரண்டாவது.

மூன்றாவது முனகியது.

மேலிருந்து மனைவி சானுமையா குரல் கொடுத்தாள். "மூட்டையைக் கீழயே வச்சிட்டு வாங்க. எதுக்கு மேல தூக்கிட்டு வர்றீங்க?"

அவன் பிடரியில் சூடான மூச்சு பட்டது.

காய்ச்சல் சூடு.