வாரேன்

பனிமலையிலிருந்து திரும்பிய நாள் முதல் இனிகோ கதவைத் திறந்தால் உடனே சாத்துவதில்லை. உள்ளே வந்து ஓரமாக ஒதுங்கி, பின்னால் வரும் ஒருவருக்கு வழிவிடுவதுபோல் நின்று, பிறகுதான் சாத்துவான். வெளியே போகும்போதும் அப்படியே.

முதலில் மனைவி சகாயசெல்வி கிண்டல் செய்தாள். "யாருக்கு வழி விடுறீக? செத்துப்போன உங்க மாமனாருக்கா?"

அவன் சிரிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க லடாக்கில் ஓர் ஆய்வு முகாமில் அவன் சமையல் செய்தான். மலை உயரம் மனித மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு. சமையல்காரன் தலையையும் ஸ்கேன் எடுத்தார்கள். முகாம் மருத்துவரிடம் அவள் போனில் இதைப் பற்றிக் கேட்டாள். மேலே காற்று குறைவு, பக்கத்தில் யாரோ நிற்பதாகத் தோன்றும், கீழே இறங்கினால் போய்விடும் என்றார். போகாதவர்களைப் பற்றித்தான் அடுத்த ஆய்வாம். முன்பு அப்படி ஒருவர் இருந்தாராம். இப்போது அந்த வீட்டில் யாரும் போன் எடுப்பதில்லையாம்.

சித்திரை மதியம். கரண்ட் இல்லை. வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம், செம்பட்டி கூட்டுரோட்டில் பஸ்களின் ஹாரன், அடுப்படியில் கருகிய வெங்காயத்தின் வாசனை, இவற்றுக்கெல்லாம் அடியில், மேட்டில் ஏறி வந்தவர் வாங்குவதுபோல் ஒரு மூச்சு. இனிகோவுடையது என்றுதான் நினைத்தாள். அவன் சோற்றைத் தொடாமல் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க," என்றான். "நான்தான் கடைசி. முகாமப் பூட்டுறப்ப பழக்கத்துல வாரேன்னு சொல்லிட்டேன்."

"வெறும் ரூமுக்கா?"

"உள்ள இருந்து அதுவும் வாரேன்னுச்சு. என்னய வழியனுப்புதுன்னு நெனச்சேன் செல்வி. கூட வருதுன்னு நெனைக்கல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திண்டுக்கல்லில் நல்ல டாக்டர் இருக்கிறார், இப்போதே போகலாம், பழையபடி ஆகிவிடலாம் என்றாள். தலையாட்டினான். ஆட்டோ கூட்டி வருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினான். வாசலுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"போறேன்," என்றான்.

அந்த வீட்டில் கிளம்புகிறவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. திருத்த வாயெடுத்தாள்.

கதவைச் சாத்தினான்.

உடனே. ஒதுங்கவில்லை. நிற்கவில்லை. வழிவிடவில்லை.

வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. ஓடும் காலடிகள். ஒருவருடையவை மட்டும்.

"ஏங்க," என்றாள்.

சொல் பனிக்குளிரில் வருவதுபோல் வெண்புகையாக வந்தது. முகத்துக்கு முன்னால் நின்றது. ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது.

மூச்சை அடக்கினாள்.

புகை கலைந்தது.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு புகை, மெதுவாக, முன்னால் வந்தது.