அதிவீரராமனின் கண்ணாடிக் குடை

"என் பெயர் சூட்டிய கடல் உயிர் ஒன்று இல்லாமல் கரைக்குத் திரும்ப மாட்டேன்!" என்று பேராசிரியர் அதிவீரராமன் தூத்துக்குடித் துறைமுகத்தில் முழங்கினார். அவருடைய ஆய்வு மாணவி ஜெசிந்தா, அவருடைய தலையணை உட்பட எல்லாவற்றையும் படகில் ஏற்றினாள்.

ஆளில்லாத தீவில் இறங்கிய மறுநாளே புதையல் வலையில் விழுந்தது! மிளகளவுக் கண்ணாடிக் குடைகள். நடுவில் தொங்கும் வாய், அங்கிருந்து விளிம்புவரை நான்கு குழாய்கள், விளிம்பின் உட்புறம் மெல்லிய சவ்வு.

"சவ்வு இருக்கு பாரு! அசல் ஜெல்லி மீன் இல்ல, ஹைட்ரா வகையறா. அதுலயும் புதுசு!" பேராசிரியர் துள்ளினார், படகு பதறியது.

அதன்பின் அவருக்கு எல்லார்மேலும் சந்தேகம். குடைகளை அடைத்த பாட்டிலைக் கட்டிக்கொண்டு தூங்கினார். படகோட்டி செல்வேந்திரன் இருமினால்கூட, "யாருய்யா உன்னை அனுப்பினது?" என்று பாய்ந்தார்.

"எம் பொண்டாட்டிதான் சார். வீட்டுல சும்மா கெடக்காதேயும்னா."

ஜெசிந்தாவின் பாட்டிலில் இருந்தது, ஒரு சங்கின்மேல் பாசிப் புதர் மாதிரி வளர்ந்த உயிர். பேராசிரியர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பல வருடங்களுக்கு முன் அவரே பெயர் வைத்து, வேறொரு உயிரினக் குடும்பத்தில் சேர்த்துவிட்ட பழைய சரக்கு.

ஒரு காலையில் அந்தப் பாட்டிலுக்குள் பொடிப்பொடியாய்க் கண்ணாடிக் குடைகள் நீந்தின!

"திருட்டு! என் பாட்டில்ல கை வச்சிருக்க! ஊர் போனதும் உன் ஆராய்ச்சிக்கு முழுக்கு!"

"நான் தொடவே இல்ல சார்!"

செல்வேந்திரனும் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவளும் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் பாட்டிலில் அவள் ஊற்றியது வடிகட்டிய தண்ணீர், அதன் வாயில் கட்டிய துணியும் அவிழவில்லை. வெளியிலிருந்து எது நுழைந்திருக்கும்? அவள் சந்தேகம் மெல்லப் புதர்மேல் திரும்பியது.

ஒரு கிளையை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். கிளையில் ஒரு மொட்டு. மொட்டுக்குள் நான்கு குழாய்கள்! அது துடித்தது, இழுத்தது.

"சார், ஓடி வாங்க!"

அவர் குனிந்தார். அவர் கண்ணெதிரிலேயே மொட்டு கிளையிலிருந்து பிய்த்துக்கொண்டு நீந்திப் போனது. அவர் தலை வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன தங்கச்சி, சார் தூங்கிட்டாரா?"

"இல்லண்ணே. புதர்தான் அம்மா, குடை அதோட பிள்ளை. சார் ரெண்டையும் வேற வேற குடும்பம்னு நெனச்சிட்டாங்க."

"அப்ப பிள்ளைக்கு என்ன பேரு?"

"முதல்ல வச்ச பேருதான் ரெண்டுக்கும்."

"அது யாரு பேரு?"

பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே முனகினார்: "என் மாமனார் பேரு."

வெற்றியோடுதான் திரும்பினார்கள். தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைத்த கட்டுரையில் ஜெசிந்தாவின் பெயர் முதலில் வந்தது. பேராசிரியர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், "துணிய நல்லா இறுக்கித்தான் கட்டியிருந்த" என்றார். கத்துவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது என்பதை அந்த மனிதரால் அதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.