இரண்டாம் கோட்டில் தொடும் கூரை

“ஒரு மணி நேரமாச்சு பவளம்! உள்ள போனவன் வரல. கீழ போயி ஆளுங்களக் கூட்டியாந்துரலாம், வா!” என்று கத்தினார் ஜீப் ஓட்டும் இருதயம்.

பவளம் சுரங்க வாசலையே பார்த்து நின்றாள். புதையல் தேடி உள்ளே போனவன் அவள் அண்ணன் சின்னப்பன். ஆனாலும் அவளுக்குப் பயமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. கழுத்தளவு மலைத்தண்ணீரில் நின்று உடம்பு மரத்திருந்தது. மனசு அதற்கு முன்பே மரத்துவிட்டது.

கணக்குப் பித்துப் பிடித்த ஒரு பழைய எஸ்டேட் என்ஜினியர் குடைந்த சுரங்கம் அது. வாசலிலிருந்து பத்து மீட்டருக்கொரு கோடு சுவரில் வெட்டி, புதையல் வரைபடத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘நீர்மட்டத்திலிருந்து கூரையின் உயரம் ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவை. கூரை நீரைத் தொடுவது கோடு 2, கோடு 6. வேறெங்கும் இல்லை. பெட்டி, கோடு 5.’

“ரெண்டுல முங்குற கூரை ஆறுலதான எந்திரிக்கும்? நாப்பது மீட்டர் தண்ணிக்குள்ள! மூச்சு தாங்குமா?” இருதயத்தின் குரல் உடைந்தது.

பவளம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்படி என்றால் காரணிகள் மூன்று வேண்டுமே! பூச்சியங்கள், அதாவது கூரை நீரைத் தொடும் இடங்கள், இரண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் ஏதோ ஒன்று இரண்டு முறை வந்திருக்கிறது. அது ஆறு என்றால், இரண்டாம் கோட்டில் முங்கும் கூரை ஆறில் நீரை லேசாகத் தொடுமே தவிர எழாது. அண்ணன் பிழைத்திருக்க வழியில்லை. இரண்டு என்றால், கூரை அங்கே தொட்டுவிட்டு மேலே ஏறிவிடும். அதற்கப்பால் காற்று இருக்கும்!

“அண்ணே, டேப்பை எடுங்க!”

வாசலில் கூரை நீருக்கு மேல் இருபத்து நான்கு அங்குலம். அவள் இரண்டு கோவைகளையும் காரணிகளிலிருந்து கட்டி, இரண்டையும் அந்த இருபத்து நான்குக்குப் பொருத்தினாள்.

“முதல் கோட்டுல எட்டு அங்குலத்துக்கு மேல இருந்தா அண்ணன் இல்ல. அஞ்சு இருந்தா இருக்கான்.” யாரோ ஒருத்தரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது அவள் குரல்.

இருவரும் நீந்தினார்கள். முதல் கோடு வந்தது. இருதயம் டேப்பை விரித்துப் பார்த்து, “அஞ்சுதான்!” என்று அலறினார்.

பவளம் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவரிடம் கொடுத்தாள். நெற்றி விளக்கைப் பொருத்திக்கொண்டு பாய்ந்தாள். இரண்டாம் கோட்டில் கூரை முகத்தை உரசியது. ஒரே முங்கு! எழுந்தால், காற்று! நான்காம் கோடு தாண்டியதும், “அண்ணா!” என்று கூப்பிட்டாள்.

“பவளமா? டார்ச் போயிருச்சு. வாசல் எந்தப் பக்கம்னே தெரியல...”

“கயித்தப் பிடி.”

வெளியே உச்சி வெயில். சின்னப்பன் இழுத்துவந்த பெட்டியை உடைத்ததும் பொற்காசுகள் மின்னின! இருதயம் துள்ளிக் குதித்தார். “தெரியாத இடத்துல இனிமே ஒண்ணுக்கு ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் கால வைக்கணும்டா சாமி!”

நீலம் பாரித்த உதட்டோடு சின்னப்பன் இளித்தான். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத.”

பவளம் பளாரென்று ஓர் அறை விட்டாள். உள்ளங்கை சுரீரென்று எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.